பெரியண்ணன் பிழைக்க வைத்த கதாநாயகி

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரியண்ணனை அரியமங்கலம் பட்டறையில் தேடிப் பிரயோஜனமில்லை. புதுப் படம் வந்திருந்தால் லேத் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். வயது அறுபது. முதலாளி சுரேஷ்குமார் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சனிக்கிழமை டீ நேரத்தில் இவர் சொல்வதைக் கேட்டுத்தான் அவரே குடும்பத்தோடு போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

"ஹீரோ நடந்து வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகுதுங்க. நம்ம ஸ்ரீரங்கம் தேரு அதுக்கு முன்னாடி நிலைக்கு வந்துரும்" என்பார். இன்னொரு வாரம், "இடைவேளை வரைக்கும் அருமை. அப்புறம் டைரக்டர் வீட்டுக்குப் போயிட்டாரு போலருக்கு" என்பார். அதற்காகப் பழையதைத்தான் தூக்கிப் பேசுவார் என்று நினைத்துவிடக் கூடாது. "அந்தக் காலத்துலயும் குப்பை எடுத்தாங்க. நாம மறந்துட்டோம், அவ்வளவுதான்" என்று ஒரே போடாகப் போடுவார். போன வருஷம் வந்த ஒரு சின்னப் படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே சண்டை போட்டு, நின்றுகொண்டே சமாதானமாவார்கள். அடிதடி கிடையாது, வெளிநாட்டுப் பாட்டு கிடையாது. அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் அவருடைய ரசிகை ஒரே ஒருத்திதான், மனைவி மயிலம்மாள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து போக வசதிப்படவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போது, பார்த்த படத்தை இவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முழுசாகச் சொல்வார். சண்டைக்காட்சியில் கரண்டி பறக்கும். அழுகைக் காட்சியில் அவரே அழுவார். மற்ற விஷயத்தில் மனிதர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், படம் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார் என்று மயிலம்மாளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தப் படத்தில் கதாநாயகி பிரசவத்தில் இறந்துபோவாள். மயிலம்மாளுக்கு அப்போது வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். அடுப்படி வாசலில் உட்கார்ந்தவருக்கு அந்த இடம் வந்ததும் நாக்கு புரளவில்லை. அவளைப் பிழைக்க வைத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு ரயிலேறி ஊருக்குப் போவதாகவும், குழந்தைக்கு ஜோதி என்று பெயர் வைப்பதாகவும் சரளமாக அளந்துவிட்டார். மயிலம்மாளுக்கு அந்த முடிவு அவ்வளவு பிடித்துப்போனது. பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரையே வைத்தாள்.

வினை அப்புறம் வந்தது. முசிறியில் உள்ள தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பியவளிடம், பக்கத்துப் போர்ஷன் லூர்துராணி, பெயர் வந்த கதையைக் கேட்டுவிட்டு, "அந்தப் படத்துல அவ செத்துல்ல போயிடுவா?" என்றாள். இவள் இல்லை என்றாள். "படம் பார்த்தது நானா, நீயா?" என்று குழாயடியில் பேச்சு தடித்தது. நியாயம் கேட்டு பெரியண்ணனிடம் வந்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க கடைசியில கொஞ்சம் கண்ணசந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ராசியானார்கள், ஆனால் சினிமாப் பேச்சே எடுப்பதில்லை என்று ஒப்பந்தம். டிவியில் அந்தப் படம் ஐந்தாறு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் வீட்டுக் கேபிள் ஒயர் எப்படியோ கழன்றுவிடும்.

இந்த வருஷம் அந்தப் படத்தைப் பளபளவென்று துலக்கி மறுபடி தியேட்டரில் போட்டார்கள். ஜோதி போனில் டிக்கெட் எடுத்துவிட்டாள். "என் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் பார்க்க வேணாமாப்பா?"

பெரியண்ணனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. முதலில் முதுகு வலி என்றார். பிறகு தியேட்டர் ஏசி ஆகாது என்றார். மயிலம்மாள் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷமாக இவள் தன்னிடம் நம்பிய அந்த ஒரு விஷயமும் இன்று சாயந்திரத்தோடு போய்விடும் என்று நினைத்தார்.

கடைசி ரீல் நெருங்கியதும், "கூட்டத்துக்கு முன்னாடி வெளியே போயிரலாம் மயிலு, ஆட்டோ கிடைக்காது" என்று எழுந்தார்.

"உட்காருங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் அந்தப் பெண் இறந்துபோனாள். ரயில் வரவில்லை. குழந்தைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. விளக்கு எரிந்ததும் ஜோதி, "என் பேரு எங்கப்பா?" என்றாள். பெரியண்ணன் காலியான பாப்கார்ன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மயிலம்மாள் காபி வாங்கினாள். இரண்டு வாய் குடித்த பிறகு கேட்டாள்.

"ஜோதி அப்ப வயித்துல இருந்தா, இல்ல?"

"பயமா இருந்துச்சு மயிலு. உங்கிட்ட அதை எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். உடனே குரலும் மாறியது. "அது சரிங்க. லூர்து அக்கா தூங்கிருச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க? நாளைக்கு அது வீட்டுக்கு என்கூட வந்து நீங்களே சொல்லணும்."

மறுநாள், லூர்துராணி இப்போது குடியிருக்கும் பாலக்கரை வீட்டு நாற்காலியில் பெரியண்ணன் பரீட்சைக்கு வந்த பையனாட்டம் உட்கார்ந்தார். "நீங்க தூங்கலங்க. அவ செத்துதான் போறா. நான்தான் மாத்திச் சொன்னேன். மயிலு அப்ப மாசமா இருந்தா."

லூர்துராணி மயிலம்மாளைப் பார்த்தாள், ஜோதியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்கண்ணே" என்றாள் லூர்துராணி. "அந்தப் படத்தைப் பார்த்துட்டு நான் ஒரு வாரம் அழுதேன். நீங்க சொன்ன முடிவை எனக்கும் சொல்லுங்க."

பெரியண்ணன் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ரயில் புறப்படும் இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். மயிலம்மாள்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தாள்.