மஞ்சள் தடவாத கார்டு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அக்கா என்றைக்கோ உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் போட்டிருக்கிறார் என்று பொருள். அவரிடம் நன்றிக் கார்டு வாங்காத சொந்தமோ நட்போ எங்களுக்கு இல்லை.

அக்கா கீழ்பென்னாத்தூரில் பிறந்தார். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். ஒருநாள் தபால்காரர் நீட்டிய கார்டை வாங்கிப் படித்தது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காதான். நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். அதில் மஞ்சள் இல்லை. அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. இழவுச் சேதியை வீட்டில் வைக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கிழித்துத் தெருவில் போட்டார்.

பிறகு அக்கா மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பறிக்கக் கூலிக்குப் போய் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் கவுண்டர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றவர், எனக்குச் செய்து வைத்தார். என் கணவர் மறைந்ததும், "வா பாப்பா, நம்ம வீடு இருக்குது" என்று அழைத்துக்கொண்டார்.

கார்டு எழுதுவதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வெறும் நன்றி என்று எழுத மாட்டார். பஸ்ஸில் விட்ட குடையை எடுத்து வைத்தீர்கள், வலிக்காமல் ஊசி போட்டீர்கள் என்று செய்த காரியத்தைச் சொல்லித்தான் எழுதுவார். நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பார். ஒரே வீட்டில் இருந்த எனக்கும் தபாலில்தான் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டால் போதாதா என்று கிண்டல் செய்வேன். "கும்பிடணும்னா ரெண்டு கையும் வேணும், பாப்பா. ஒத்த விரல்ல கும்பிடுவாங்களா?" என்பார்.

போன ஐப்பசியில் அக்காவுக்கு உடம்பு கொஞ்சம் தள்ளாடியது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த வாரம் எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஏழுமலை அக்கா போட்ட ஒரு கார்டோடு வந்தார். 'மழையில் என்னைத் தோளில் தூக்கிப் போனீர்கள். உங்கள் காக்கிச் சட்டை நனைந்துவிட்டது. நன்றி' என்று அதில் இருந்தது.

"இன்னாக்கா இது? நான் எப்ப உங்கள தூக்கினேன்?" என்றார்.

அக்கா சிரித்தார். "மறதி ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா. கிழிச்சிடாத, வச்சுக்க."

மறுநாள் எனக்கும் ஒன்று வந்தது. 'பாப்பா, கடைசியில் என் கையை விட்டாயே, அதற்கு நன்றி.' மூலைகள் வெறும் வெள்ளையாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"நான் எங்கக்கா உன் கைய விட்டேன்? மஞ்சள் கூட வைக்கலயே?"

"வச்சேனே. நல்லாப் பாரு" என்றார் அக்கா.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. அன்றே மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். நான் கையை விட்டால்தானே அக்கா போவார்? விடவே மாட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று காலை அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஊருக்குள் வண்டி எதையும் விடவில்லை. கூட்டத்துக்கு நடுவே, கொட்டுகிற மழையில், ஏழுமலைதான் அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் இறக்கியதும் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அன்று முழுக்க அக்காவின் கையைப் பிடித்தபடியே இருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நர்ஸ் விலகச் சொன்னபோது சண்டை பிடித்தேன். சாயங்காலம் மழை விட்டது. ஜன்னலுக்கு நேரே மலை தெரிந்தது. "தீபம் ஏத்திட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஊரே அரோகரா என்றது. வார்டில் படுத்துக் கிடந்தவர்களும் எழுந்து கும்பிட்டார்கள்.

நானும் கும்பிட்டேன். இரண்டு கைகளாலும்.

திரும்பிப் பார்த்தபோது அக்கா இல்லை. முகத்தில் வேதனை எதுவும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி இருந்தது.

காரியம் முடிந்து வீடு கழுவிய பிறகு, கைப்பைக்குள் இருந்த, அக்கா எனக்கு எழுதிய அந்தக் கார்டை எடுத்தேன். தீட்டு என்பதால் அத்தனை நாளும் வீட்டில் யாரும் மஞ்சளைத் தொடவில்லை. கார்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் இருந்தது. விரலில் ஒட்டியது. பயத்தில் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்காவைச் சுமந்த ஏழுமலைக்கும், என் சண்டையைப் பொறுத்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், காரியத்தில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் என் கையால் தனித்தனியே கார்டு எழுதிவிட்டேன். இந்த ஆண்டு நினைவு நாளுக்கு வர இருக்கும் மற்றவர்களுக்கு இந்த மலரே என் கும்பிடு.

இதன் மூலைகளில் மஞ்சள் வைத்திருக்கிறேன். துக்க வீட்டுத் தாளில் மஞ்சளா என்று பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கைக்கு வரும்போது அது கண்ணில் படவில்லை என்றால், கிழித்துவிடாதீர்கள். எடுத்து வையுங்கள். பிறகு தெரியும்.