கத்தினவர்தான் தேத்தண்ணி குடுக்கவேணும்

ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயும் மழையில நனைஞ்ச ஜக்கெட்டும் சேர்ந்த ஒரு மணம்... லண்டனில மிச்சம் எண்ட இடத்தில இருக்கிற எங்கட சேர்ச் ஹோல் எண்டால் எனக்கு அதுதான்.

அப்ப நான் ஸ்ட்ரெதமில ஒரு கெயார் ஹோமில வேலை. என்ர ஷிப்ட்டில லின் எண்டு ஒரு தைவான் பிள்ளை, படிச்சுக்கொண்டே பார்ட் டைம் செய்தவ. அவவும் கத்தோலிக்கம் எண்டதால ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

லின்னுக்கு அந்த நேரம் ஒரே யோசினை. ஊருக்கு வந்து எலெக்‌ஷனில நில் எண்டு அவவின்ர சித்தி கேட்டுக்கொண்டே இருந்தவ. ஆசை இருந்தது, பயம் அதைவிடக் கூட.

"எங்கட பார்லிமென்ட்டில மைக்கைப் பறிச்சுச் சண்டை பிடிப்பினம் அக்கா. என்னோட ஆரும் சத்தம் போட்டா நான் பிறகு அவையின்ர முகத்தையே பார்க்கமாட்டன். எனக்கு ஏலாது." (இங்கிலிஷில சொன்னவ, நான் என்ர தமிழில சொல்றன்!)

பூசை முடிய ஹோலில எங்கட தமிழ்க் கத்தோலிக்கச் சங்கக் கூட்டம். திருநாளுக்கு மாதா சுருவத்தை, அதுதான் சிலையை, ரோட்டால ஊர்வலமாக் கொண்டு போறதோ, மழைக்குப் பயந்து கார் பார்க்கோட நிப்பாட்டுறதோ... இதுதான் பிரச்சினை. மன்னார் பீற்றர் அண்ணை மைக்கைப் பறிச்சார். சவரி அண்ணை வயரைக் கழட்டினார்.

"மாதாவையும் பார்க் பண்ணப் போறீரோ?" எண்டு பீற்றர் அண்ணை போட்ட சத்தத்தில லின் என்ர கையை இறுக்கிப் பிடிச்சா.

"பொலிஸைக் கூப்பிடுவமா அக்கா?"

"பொறும்" எண்டன்.

எங்கட சங்கத்தில ஒரு வழக்கம், லின்னுக்கும் அதைச் சொன்னன். ஆர் கூடக் கத்தினாரோ, அவர்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி குடுக்கவேணும். முதல் கோப்பை, எதிர்த்துக் கதைச்சவருக்கு.

பீற்றர் அண்ணை தட்டோட நேர சவரி அண்ணையிட்டப் போனார்.

"உமக்குச் சீனி ரெண்டுதானே?"

"ஓம். ரோல்ஸும் ஒண்டு எடும்."

அவ்வளவுதான்... ரெண்டு பேரும் ஒரே காரில வீட்ட போச்சினம்.

பஸ்ஸால இறங்கேக்க லின், "அப்ப எனக்கும் ஏலும் போல" எண்டா.

ஊருக்குப் போய் எலெக்‌ஷனில நிண்டா. முதல்தரம் தோத்தா, அழுதுகொண்டு போன் எடுத்தா. அடுத்தமுறை சிட்டி கவுன்சில். இப்ப பார்லிமென்ட் மெம்பர்!

போன கிழமை ஒரு வீடியோ. தைவான் பார்லிமென்ட்டில ஒரே தள்ளுமுள்ளு. நடுவில எங்கட லின், மைக்கை விடமாட்டன் எண்டு நிக்கிறா. பதறிப்போய் மெசேஜ் போட்டன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. லின்னின்ர கையில தட்டு, தட்டில தேத்தண்ணி. மைக்கை இழுத்த அதே மனுசன் வெக்கத்தோட சிரிச்சு முதல் கோப்பையை எடுக்கிறார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

இஞ்ச எங்கட கூட்டம் இப்ப ஸூமில. சத்தம் போட்டா மியூட். தேத்தண்ணி அவரவர் குசினியில, தனிய...

படத்தைச் சங்க குரூப்பில போட்டன்.

பீற்றர் அண்ணை உடன எழுதினார்: "அடுத்த கூட்டத்தை ஹோலில வையுங்கோ. நான் கத்துறன்."

கீழ சவரி அண்ணை: "வாறன். சீனி இப்ப போடாதையும், டயபிட்டீஸ்."