லாரிக்கு வரைந்த கண்கள்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில், துவைத்த போர்வைகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விடுவது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அழுத்தக்காரி.

அங்கேயே அவளைத் தேடிக்கொண்டு ஒரு எழுத்தாளர் வந்தார். துணிச்சலான பிள்ளைகளின் கதைகளைச் சிறுவர்களுக்குப் படப் புத்தகங்களாக எழுதும் பெண்.

"சின்ன வயசுல குவாரி லாரியை மறிச்சது நீங்கதானேக்கா?"

"ஆமா."

அப்போது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூட வாசலில் ஓயாமல் ஓடிய கல் லாரிகளில் ஒன்று, பக்கத்தில் உட்காரும் சிநேகிதியின் காலை நசுக்கிவிட்டது. பெரியவர்கள் மனு கொடுத்தார்கள். லாரிகள் அவை பாட்டுக்கு ஓடின. ஒருநாள் காலை அவள் போய் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே வகுப்பு மொத்தமும் வந்து உட்கார்ந்தது. முதலில் வந்து நின்ற லாரியை ஓட்டி வந்தவர் அவளுடைய அப்பா.

"அந்த நேரம் மனசுல என்ன ஓடுச்சு?"

யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் தோணலைங்க. ரோடு சுட்டுச்சு."

அப்பாவைப் பற்றியும் சொன்னாள். பிள்ளைகளைத் தூக்கி ஓரமாகப் போடு என்றார் குவாரி மேஸ்திரி. அப்பா மாட்டேன் என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த முதலாளியும் அவரை நம்பி வண்டி தரவில்லை. காவலாளி வேலைக்குப் போனார். லாரிகள் அடுத்த தெரு வழியாகப் போயின. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஏதாவது சொல்லுவார் என்று கொஞ்ச காலம் காத்திருந்தாள். பிறகு அதுவும் விட்டுப்போனது.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் எழுத்தாளர் போன் செய்தார். "அப்பா விஷயத்தை எடுத்துட்டோம்க்கா. குழந்தைங்களுக்குக் குழப்பமாயிடும்."

"சரிங்க."

கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. புத்தகம் வந்ததும், மகள் படிக்கும் பள்ளியில் அவளை மேடையேற்றி உட்காரவைத்தார்கள். அந்தக் கைதட்டல், பக்கத்து வீட்டு டிவியில் யாருக்கோ தட்டுவதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் பள்ளி நூலகத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்து தாத்தாவின் கட்டிலில் ஏறினாள். லாரியின் முன்கண்ணாடி இருக்கும் இடத்தில் இரண்டு பெரிய கண்களை வரைந்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த லாரியும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தது.

"தாத்தா, டிரைவர் எங்க உக்காருவாரு? இங்க கண்ணுல்ல இருக்கு!"

"நான்தான் ஓட்டுனேன்."

"பொய்!"

"உங்கம்மாவைக் கேளு."

"ஆமாடி" என்றாள் அவள், துணி மடித்தபடி.

"அம்மா மேல ஏத்தியிருப்பியா தாத்தா?"

"உங்கம்மான்னே தெரியாது. ஏதோ பிள்ளைங்கன்னு பிரேக்கை மிதிச்சேன். கிட்ட வந்தப்புறம்தான் மூஞ்சி தெரிஞ்சுது." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அப்புறம் காலை எடுக்கவே வரல. நல்லவேளை, அந்த வண்டியில பிரேக் நல்லா பிடிக்கும்."

இதை அவள் கேட்பது முதல் தடவை. அழுகை வர வேண்டிய இடம் என்று அவளுக்கே தெரிந்தது. வரவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"சாப்பிடறீங்களாப்பா?"

"போடும்மா."

அவள் தட்டோடு வருவதற்குள் மகள் பேனாவை எடுத்து, லாரியின் இரு கண்களுக்கும் நடுவே ஒரு தலையை வரைந்திருந்தாள். "மீசை உண்டா தாத்தா?"

"அப்ப இருந்துச்சு. நல்லா தடியா போடு."

மறுநாள் மகளின் டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்களைப் பத்தின புத்தகம். நீங்களே இப்படிக் கிறுக்க விடலாமா?"

"தப்புதாங்க டீச்சர்" என்றுவிட்டு அவள் ஷிஃப்டுக்குப் போனாள்.