பஞ்சாங்கத்தில் இருந்த பையன்

தெர்சா ஓல்ட்நோவுக்கு நூல் உருவுகிற வேலை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மில்லிலிருந்து லேஸ் பட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அகலத் துணியாக வரும். நடுவில் ஓடுகிற ஒற்றை நூலைப் பிடித்துப் பதமாக இழுத்தால் பட்டி பட்டியாகப் பிரியும். கொஞ்சம் வெடுக்கென்று இழுத்துவிட்டால் லேஸ் கிழிந்து அன்றைய பிழைப்பு போச்சு. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு செய்கிற வேலை இல்லை. புருஷன் ஈனாக், பிள்ளை பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அதனால் குழந்தை ஜேபஸ் ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டியில் கிடந்து வயிற்றுவலியில் வீறிட்டுக்கொண்டிருந்தான். அவள் உருவிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் கிரிம்லியின் மருந்துக்கடை. மூட்டுவலிக்கு, முடி கொட்டுவதற்கு, மனக்கவலைக்கு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே புட்டியில்கூட அவரிடம் மருந்து இருந்தது. குழந்தைகளுக்கு டாக்டர் பென்னிஃபீல்டின் பாலர் பாகு. அந்த டாக்டரை யாரும் கண்டதில்லை. புட்டியின் மேல் தாடியோடு சிரித்துக்கொண்டிருப்பார். வெல்லப்பாகு, சோம்பு, கூடவே வெளியே சொல்லாத அபின். அந்தப் பக்கத்தில் லேஸ் வேலை செய்கிறவள் எவளும் அது இல்லாமல் பிள்ளை வளர்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல வருகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை, லேஸ் ஒப்படைக்கிற அன்று, அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு கரண்டியில் ஜேபஸ் அடங்கிப்போனான். தெர்சாவுக்குத் தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது. கடையில் போய் நன்றி சொன்னாள். கிரிம்லி உடனே காகிதத்தை எடுத்தார்.

"பாகு கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டுருவோம்மா. நீ சொல்லு, நான் எழுதறேன்."

அவள் சொன்னது இரண்டே வரி. அவர் எழுதியது ஒரு பக்கம். 'எலும்பும் தோலுமாய் இருந்த என் மகன் ஜேபஸ், எட்டு மாதம், இன்று கொழுகொழுவென்று தவழ்ந்து விளையாடுகிறான்' என்று எழுதி, அவள் விலாசத்தையும், கீழே தன் கடைப் பெயரையும் மறக்காமல் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத தெர்சா ஒரு சிலுவைக்குறி போட்டாள்.

அது செப்டம்பரில். பிறகு பிள்ளை பாலுக்குக்கூட விழிக்காமல் தூங்கினான். அழாத பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? கைகால் சூம்பி, நவம்பரில் ஒரு மத்தியானம் மூச்சு நின்றுபோனது. சாவைப் பதிகிறவர்கள் வலிப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஏழைகளின் பொதுக்குழியில் இன்னும் ஆறு பேரோடு வைத்து மூடினார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு கம்பெனியின் இலவசப் பஞ்சாங்கம் வந்தது. அமாவாசை, பௌர்ணமி, சந்தை நாட்களுக்கு நடுவே நன்றிக் கடிதங்கள் போடுவார்கள். மாடி அறையில் கிழிந்த லேஸ் தைக்கிற ஹெப்ஸி அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். நாக்கு நீளம், மனசு நல்லது, வாசிக்கத் தெரியும். அவள் வாசித்த கடிதத்தில் ஜேபஸ் இன்னும் கொழுகொழுவென்று தவழ்ந்துகொண்டிருந்தான்.

"அவன் பேரு எதுன்னு காட்டுக்கா," என்றாள் தெர்சா. ஹெப்ஸி விரலை வைத்துக் காட்டினாள். முதலில் கொக்கி போட்ட ஒரு இங்கிலீஷ் எழுத்து, பிறகு நாலு.

அடுத்த வருஷமும் அதே கடிதம். அதற்கடுத்த வருஷமும். ஜேபஸுக்கு வயது எட்டு மாதத்தைத் தாண்டவே இல்லை. மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்தபோது வந்த தர்ம ஆஸ்பத்திரி டாக்டர், புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். தெர்சாவுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் விளங்கியது. மூன்று நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. அதற்குப் பிறகு தன் சந்தில் எந்தப் பெண்ணையும் அந்தப் பாகைத் தொடவிடவில்லை. ஆனால் பஞ்சாங்கத்துக்கு எதிராக மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் அவளுக்குப் பஞ்சாங்கக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்கள் 'உண்மைதானா' என்று கேட்டு எழுதிய கடிதங்களை ஹெப்ஸி வாசிப்பாள். தெர்சா பதில் போடமாட்டாள். எட்டுப் பஞ்சாங்கங்கள் சுவரில் கயிற்றில் தொங்கின. அந்தப் பெயர் இருந்த இடம் மட்டும் கட்டைவிரல் பட்டு மங்கியிருந்தது.

ஒன்பதாம் வருஷம் மார்ச்சில் ஒருத்தி கதவைத் தட்டினாள். செலினா என்று பெயர், இல்கெஸ்டனிலிருந்து பார வண்டியில் வந்திருந்தாள். இடுப்பில் நாலு மாதப் பெண்குழந்தை, கையில் ஒரு பொட்டலம்.

"நீங்கதானே பஞ்சாங்கத்துல வந்த அம்மா? நேர்ல பாத்துக் கேட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்னு வந்தேன். எங்க மாமியார் இந்தப் பாகு வேண்டாங்கறாங்க."

"உக்காரும்மா."

செலினா பொட்டலத்தைப் பிரித்தாள். நீலக் கம்பளியில் பின்னிய சின்னத் தொப்பி. "வெறுங்கையோட வரக்கூடாதுன்னு உங்க பையனுக்குப் பின்னினேன். எட்டு மாசம்னு போட்டிருந்தது, அந்த அளவுக்குத்தான் போட்டேன். எங்க அவன்?"

பஞ்சாங்கத்தில் போட்டால் அது அந்த வருஷத்துச் சங்கதி என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

"வெளிய போயிருக்கான்," என்றாள் தெர்சா.

"எட்டு மாசப் பிள்ளையா?" என்று சிரித்தாள் செலினா.

தெர்சா அதற்குள் குழந்தையைப் பார்த்துவிட்டாள். இவ்வளவு பேச்சுச் சத்தத்திலும் அது அசையவில்லை. எழுந்து வந்து அதன் உள்ளங்காலைக் கிள்ளினாள். கால் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தூக்கம் அவளுக்குத் தெரியும்.

"எப்போ குடுத்தே?"

"வண்டி ஏறறப்போ. குலுங்கினா அழுவாளேன்னு ரெண்டு கரண்டி."

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சுவரில் தொங்குவதெல்லாம் பொய்யாகிவிடும். அதில் அவன் பெயரும் சேர்ந்து போய்விடும். தெர்சா கண்ணை மூடித் திறந்தாள்.

"என் பையன் செத்து எட்டு வருஷமாச்சு. இந்தப் பாகுதான் கொன்னுச்சு. நான்தான் ஊட்டினேன். பிள்ளையைக் குடு இங்க."

பிடுங்காத குறையாக வாங்கினாள். மாடியைப் பார்த்து ஹெப்ஸியைக் கூப்பிட்டாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார்கள், காலைச் சுண்டினார்கள், தோளில் போட்டு அறைக்குள் நடந்தார்கள், தலை தொங்கும்போதெல்லாம் உலுக்கினார்கள். செலினா பேயறைந்த மாதிரி சுவரோடு நின்றாள். மூன்று பெண்களும் முறை வைத்து நடந்ததில் மத்தியானம் சாய்ந்துவிட்டது. மேஜையில் லேஸ் குவியல் தொடாமல் கிடந்தது. கடைசியில் குழந்தை முகத்தைச் சுளித்து, கிறீச்சென்று ஒரு அழுகை அழுதது. தெர்சா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பால் குடிக்க வைத்த பிறகுதான் செலினாவுக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் எட்டு வருஷமா போட விட்டீங்களே. உங்க பேச்சை நம்பித்தானே குடுத்தேன். எத்தனை பேரு குடுத்திருப்பாங்க?"

ஹெப்ஸி எதையோ சொல்ல வாயெடுத்தாள். தெர்சா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் பேரு வேற எங்கயும் எழுதலம்மா. குழிமேல ஒரு குச்சிகூட இல்ல. வருஷா வருஷம் அதுல பாக்கறப்போ அவன் எங்கயோ தவழ்ந்துட்டு இருக்கற மாதிரி இருக்கும். அந்த ஆசைக்குத்தான் வாயை மூடிட்டேன். தப்புதான். பெரிய தப்பு."

செலினா குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டாள். புறப்படும்போது தொப்பியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தெர்சா ஹெப்ஸியையும் கூட்டிக்கொண்டு கிரிம்லியின் கடைக்குப் போனாள். "அந்தக் கடுதாசிய எடுக்கச் சொல்லி எழுதுங்கய்யா."

"நல்ல பேர் வாங்கின கடுதாசிம்மா அது. போனது போச்சு, அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"பையன் செத்துட்டான்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். இங்கயே நின்னு வர்றவங்க கிட்டல்லாம் நான் சொல்லிட்டிருக்கட்டுமா?"

கடையில் அப்போது நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். கிரிம்லி அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். இந்தத் தடவை எழுதியதை ஹெப்ஸி வரி வரியாகச் சத்தம்போட்டு வாசித்த பிறகுதான் தெர்சா குறி போட்டாள்.

கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பஞ்சாங்கம் வந்தது. தெர்சாவே பக்கத்தைப் புரட்டினாள். கொக்கி போட்ட எழுத்து வழக்கமான இடத்தில் இல்லை. அதற்கு மேலே இல்லை, கீழேயும் இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டதுதான். ஆனாலும் இரண்டாம் தடவை புதைத்த மாதிரி வலித்தது.

"அந்த இடத்துல இப்ப என்ன போட்டிருக்கு?"

ஹெப்ஸி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "லெஸ்டர்ல ஒருத்தி. ஆறு மாசப் பொண்ணாம். கொழுகொழுன்னு விளையாடுதாம். பாவிங்க, வார்த்தையைக்கூட மாத்தல."

"விலாசம் இருக்கா?"

"இருக்கு. தெரு, கதவு நம்பர் எல்லாம்."

"காகிதம் எடு."

ஹெப்ஸி மேஜையிலிருந்த லேஸை ஒதுக்கிவிட்டு மையைத் தொட்டாள். "பாகை நிறுத்துன்னு ஆரம்பிக்கட்டுமா?"

"அது அப்புறம்," என்றாள் தெர்சா. நீலத் தொப்பியை மடியில் வைத்திருந்தாள். "முதல்ல என் பையன் பேரை எழுது. ஜேபஸ் ஓல்ட்நோ. எட்டு மாசம் இல்ல. பத்து மாசம் இருந்தான்."