தண்ணீர் போகும் வழி

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தொடங்கி காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகப்போகும் விரைவுச் சாலை, எங்கள் சடையங்குப்பத்தின் பின்பக்கமாகத்தான் போகிறது. எங்களைத் தொடாது. ஏற வழியில்லை, இறங்கவும் வழியில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேலூர் என்கிறார்கள். எங்கள் தெருவில் இருந்து அந்தச் சாலை தொடங்கும் இடத்துக்குப் போக, கன்டெய்னர் லாரிகள் நகர்ந்தால் அரை நாள். நகராவிட்டால் அன்றைக்கு வேலூர் கிடையாது.

நான் பெயின்டர். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு யார்டில், அடிபட்டு வரும் கன்டெய்னர் பெட்டிகளைச் சரி செய்தபின் பெயின்ட் அடித்து எண் எழுதுவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேச வராது. பெட்டி திருப்பிக் கேள்வி கேட்காது என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

ஊரில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு, தண்ணீர் நின்ற உயரத்துக்கு ரேஷன் கடைச் சுவரில் நீலக் கோடு போடுவேன். புதிதாக வீடு கட்டுபவர்கள் அதைப் பார்த்துத்தான் தரை மட்டம் வைப்பார்கள். நாங்களும் கடைசிக் கோட்டுக்கு இரண்டு செங்கல் மேலே தரையை ஏற்றியிருந்தோம். என் மனைவி அந்தத் தரையில் கட்டிலைக் கூட இழுக்க விடமாட்டாள், தூக்கித்தான் வைக்க வேண்டும்.

சாலைக்கு அளவெடுக்க வந்தவர்கள் அதே சுவரில், என் கோடுகளுக்கெல்லாம் மேலே, சிவப்பில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நான் வேலை விட்டு வரும்போது கடை முன்னால் கூட்டம்.

“இன்னா மாமு, இம்மாந் தண்ணியா வரப் போவுது?” என்றார் பக்கத்து வீட்டு மீன் வண்டிக்காரர். அவர் மனைவி அதற்குள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள்.

“அது தண்ணி இல்ல. ரோட்டோட உயரம்,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டை இறங்கியது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை உயரத்துக்கு மண்ணைக் கொட்டினால், அது ஊருக்குப் பின்னால் ஒரு கரை. எங்கள் மழைத் தண்ணீர் அந்தப் பக்கத்து ஓடையில் இறங்கித்தான் ஆற்றுக்குப் போகிறது. ஓடைக்கு நேராகச் சாலைக்கு அடியில் குழாய் வைத்தால் பிழைத்தோம். வைக்காவிட்டால் இரண்டு செங்கல் எந்த மூலைக்கு?

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திரையில் படம் காட்டினார்கள். சாலையில் கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மரங்கள். ஒரு லாரி கூட இல்லை. துறைமுகத்தில் தொடங்கும் சாலையில் லாரியே இல்லாமல் படம் எடுக்கத் தனித் திறமை வேண்டும். “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று அதிகாரி கேட்டார். மனைவி என் இடுப்பில் குத்தினாள். எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “சார், அந்த ஓடை…” என்றேன். மைக் வீல் என்று கத்தியது. உட்கார்ந்துவிட்டேன். பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

“பொட்டி மேல எழுதச் சொன்னா ஆளு ஒசரத்துக்கு எழுதுவே. வாயத் தொறந்தா காத்துதான் வருது,” என்றாள் மனைவி, வழி முழுக்க.

மறுநாள் வேலை நடக்கும் இடத்துக்கே போனேன். என்ஜினியர் சின்ன வயது, மரியாதையான ஆள். சித்திரை வெயிலில் ஓடை காய்ந்து, கருவேல முள்ளும் பிளாஸ்டிக் கவரும் தவிர வேறெதுவும் இல்லாமல் கிடந்தது.

“இங்க தண்ணியே இல்லையே அண்ணே.”

“இப்ப இல்ல சார். ஐப்பசில வரும்.”

“மேப்லயும் இல்ல. அதோ அங்க ஓடுது பாருங்க, அங்கதான் குழாய் வைக்கிறோம்.”

அவர் காட்டியது கம்பெனிக் கழிவுநீர்க் கால்வாய். அது பன்னிரண்டு மாதமும் ஓடும். கோடையில் வந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் குழாய் வைக்கிறவருக்கு நான் எப்படி விளக்குவது? யார்டில் இருந்து ஒரு பலகை கொண்டுவந்தேன். பெட்டிக்கு அடிக்கிற வெள்ளை பெயின்டில் ‘தண்ணீர் போகும் வழி’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, ஓடைக்குள் நட்டேன். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், கழிவுக் கால்வாய் ஓரத்துச் சேற்றில் கால் படாமல் நடக்க அதைக் குறுக்கே போட்டிருந்தார்கள். என் எழுத்தின் மேல் பூட்ஸ் தடங்கள். அடுத்த வாரம் ஓடையின் மேல் மண் விழுந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. கழிவுக் கால்வாயின் குழாய் வழியாக எங்கள் தண்ணீர் வெளியே போகவில்லை, ஆற்றுத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. இரண்டு செங்கலும் முழுகி, கட்டிலும் முழுகியது. மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊரே அந்தக் கரையில் ஏறித் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தது. இத்தனை ஊரை இணைக்கும் விரைவுச் சாலையை முதலில் பயன்படுத்தியவை எங்கள் கேஸ் சிலிண்டர்களும் ஆடுகளும்தான்.

“இன்னா மாமு, வேலூர் வண்டி எப்போ வரும்?” என்றார் மீன் வண்டிக்காரர், நனைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு.

தண்ணீர் வடிந்ததும் சுவரில் கோடு போட்டேன். அவர்களுடைய சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண்தான் கீழே. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியவளைப் பார்த்து நாங்கள் சிரித்திருந்தோம்.

சில நாள் கழித்து என்ஜினியர் வந்தார். “அண்ணே, அன்னைக்கு எந்த இடம்னு சொன்னீங்க?”

நான் கரையில் ஏறி, ஓடைக்கு நேரே நின்று, காலால் தட்டினேன். “இங்க. வெட்டுங்க சார்.”

“சத்தமாச் சொல்லுய்யா,” என்றாள் கீழே நின்ற மனைவி.

“வெட்டுங்க சார்!”

மேலே எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே என்பது காஞ்சிபுரமா வேலூரா தெரியவில்லை. விரைவுச் சாலை போடுகிறவர்களின் கடிதம் மட்டும் எந்தச் சாலையில் வருகிறதோ, இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த ஐப்பசிக்கு ஆறு மாதம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு ஏறினேன். பலகை எடுத்துப் போகவில்லை. சாலை ஓரத்தில் புதிதாக எழுப்பியிருந்த கான்கிரீட் சுவரிலேயே, பெட்டியில் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக, அதே மூன்று வார்த்தைகளை எழுதி, கீழே அம்புக்குறி போட்டேன். இதைப் பிடுங்கி யாரும் சேற்றில் போட முடியாது.