கட்டை துளிர்க்கும் என்று சொன்னேன்

பட்டை உரிப்பதில் என்னை மிஞ்சப் பதுளை மலையில் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கத்தில் ஆள் இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கோப்பிச் செடிகள் நோய் கண்டு செத்த பிறகு, துரைமார் மலை முழுக்கக் கொயினா மரம் நட்டிருந்தார்கள். காய்ச்சல் மருந்துக்கு அதன் பட்டை போகும். நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் நின்றதில்லை. கொயினா மட்டும் என்னை நான்கு வருஷம் பிடித்து வைத்தது.

கொயினாவை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு, கத்தியைச் சாய்த்து வெட்ட வேண்டும். மழைத் தண்ணீர் கட்டையில் தேங்கக் கூடாது. அப்படி வெட்டினால் இரண்டாம் மாதமே கட்டையைச் சுற்றித் துளிர் கிளம்பும். நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால், சில வருஷத்தில் அதே கட்டையில் மறுபடியும் உரிக்கலாம். எங்கள் கூட்டத்தை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி இதைப் பெரிய வித்தையாகச் சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

பிறகு கொயினாவின் விலையும் விழுந்தது. இருந்ததைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டார்கள். கொழுந்து பறிக்கப் பெண்கள் போதும். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் உரிக்கிற எங்கள் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை.

அந்த நேரத்தில் பதுளைக் கடைவீதியில் தோல் பதனிடுகிற முஸ்லிம் நானா ஒருவர் எங்கள் கங்காணியைக் கூப்பிட்டனுப்பினார். வண்டி மாட்டுக்கு வார், சேணம், தண்ணீர்ச் சால் என்று அவரிடம் எப்போதும் வேலை குவிந்து கிடக்கும். தோலை ஊறவைக்கத் துவர்ப்பான பட்டை வேண்டும்.

"மட்டக்களப்புப் பக்கம் கடல் தண்ணி ஏறி நிக்கிற களப்பு ஓரமா கண்ணா மரம் நிக்கிது. மீன் பிடிக்கிற ஆக்கள் அந்தப் பட்டையிலதான் வலைக்குச் சாயம் ஏத்துறாங்க. தோலுக்கு அத மாதிரி வேற ஒண்ணும் இல்ல. யாரும் நட்டதும் இல்ல, யாரும் காவல் காக்கிறதும் இல்ல. நீங்க பட்டையில பழகின கை. ரெண்டு வண்டி நெறைச்சுக் கொண்டாங்க" என்றார்.

ஆறு பேர் புறப்பட்டோம். பசறை, லுணுகலை, பிபிலை என்று மலை இறங்கி, காட்டுப் பாதையில் ஒன்பது நாள். பிபிலை தாண்டியதும் இரண்டு பேருக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. மடியில் முடிந்து வைத்திருந்த கொயினாப் பட்டையையே மென்று கொண்டு வண்டியில் படுத்து வந்தார்கள். களப்பை அடைந்தபோது ஒருவன் எழுந்து நடந்தான். மற்றவன் திரும்பும்வரை நடக்கவில்லை.

கண்ணாவை முதலில் பார்த்தபோது மரம் என்று தோன்றவில்லை. தண்ணீருக்குள் கால் ஊன்றி ஒரு கூட்டம் நடந்து வருவதுபோல இருந்தது. அடிமரம் மண்ணைத் தொடவே இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து வேர்கள் வளைந்து வளைந்து இறங்கிச் சேற்றைப் பிடித்திருந்தன. ஒரு வேரை அறுத்துவிட்டு மரத்தைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கிளையிலிருந்து இன்னொரு வேர் பாதித் தூரம் இறங்கித் தன் முறைக்குக் காத்திருந்தது. மலையில் காற்றுக்கு விழாத மரம் கிடையாது. இதை எந்தக் காற்று தள்ளும் என்று நின்று யோசித்தேன்.

எங்களுக்கு ஓடை ஓடையாக வழி காட்டியவள் அந்தக் கரையில் இறால் பிடிக்கும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம். புருஷன் தோணி விடுகிறவர், பேசுவது குறைவு. மரக்கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் மேடான மணலில் அவர்கள் குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. கைக்கெட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர். களப்பு உப்பு, அதிலிருந்து முப்பது அடியில் இருக்கும் கிணறு இளநீர் மாதிரி. அந்தக் கரையில் ஆறேழு குடும்பம் அதில்தான் குடித்தன.

அவள் அத்தாங்கு வலையை எடுத்துக்கொண்டு வேருக்குள் இறங்கினால் வெறுங்கையோடு ஏறமாட்டாள். வேருக்கும் வேருக்கும் நடுவே இறால் குஞ்சு தூசி மாதிரி மிதக்கும். நண்டு, கெளிறு, பேர் தெரியாத பொடி மீன், எல்லாம் அந்த நிழலில். வெளியே காற்று களப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோலக் கிடக்கும். இலையின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்த வேறொரு மரத்தைக் காட்டி, அந்த இலையை நக்கச் சொன்னாள். உப்பு.

"உப்பக் குடிச்சிட்டு உப்பத் துப்புது. எங்களால ஏலுமா?" என்று சிரித்தாள்.

கிளைகளில் முருங்கைக்காய் போல நீளமாகப் பச்சைக் காய்கள் தொங்கின. ஒன்றைப் பறித்துக் கையில் கொடுத்தாள். அது காய் இல்லை, கன்று. மரத்தில் தொங்கும்போதே முளைத்து, கூர்மையான அடியோடு வளர்ந்து, பருவம் வந்ததும் விழுகிறது. விழுந்த இடத்தில் சேறு இருந்தால் குத்தி நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறு கரை பிடிக்கும். பிள்ளையை நடக்கப் பழக்கிவிட்டு இறக்கிவிடுகிற மரத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கொஞ்ச நேரம் அதைக் காதில் செருகிக்கொண்டு திரிந்தேன். பிறகு எங்கேயோ விழுந்துவிட்டது.

நாங்கள் கொயினா முறையிலேயே வெட்டினோம். ஒரு சாண் விட்டு என்பதற்கு இங்கே வழியில்லை. வேருக்கு மேலே அடிமரத்தில் சாய்த்து வெட்டினோம். மரத்தைக் கரைக்கு இழுத்து, தட்டி, உரித்து, மணலில் காயப்போட்டோம். உட்பக்கம் இரத்தம் மாதிரிச் சிவப்பு. கை, வேட்டி, சோறு, எல்லாம் சிவந்தன.

அந்த அக்கா முதல் நாளே ஒன்று கேட்டிருந்தாள். தன் குடிசைக்கு முன்னால் நிற்கும் மரக்கூட்டத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கங்காணி சரி என்றார். பன்னிரண்டாம் நாள் இரண்டாம் வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. அடுத்த ஓடைக்கோ எதிர்க்கரைக்கோ போய் மரம் ஏற்றி வரத் தோணியில் அரை நாள். காய்ச்சல்காரன் முனகிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு முன்னால் நிற்பதோ நல்ல பருத்த மரங்கள்.

கங்காணி என்னைப் பார்த்தார். "நீ போயிப் பேசு. ஒங்கிட்டதான் அந்தம்மா சிரிச்சுப் பேசுது."

போய்ப் பேசினேன்.

"அக்கா, வெட்டினா ரெண்டே மாசத்துல துளிர்க்கும். முன்னைவிட அடர்த்தியா வரும்."

"கண்ணா கட்டையில துளிர்க்காது தம்பி. நான் பொறந்ததுல இருந்து கண்டதில்ல."

"நீங்க மொட்டைக் கத்தியால கொத்தியிருப்பீங்க. கட்டை பிளந்து அழுகிப் போயிருக்கும். எங்க வெட்டு வேற. நாலு வருஷமா இதே தொழிலு எனக்கு."

அவள் கிணற்றைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள். "கார்த்திகையில வாடைக் காத்து அடிச்சா, களப்பு இந்த மரத்தில மோதித்தான் நிக்கும். இது இல்லாட்டி மறுகா உப்புத் தண்ணி கிணத்துக்குள்ளதான்."

"அதுக்குள்ள தழைச்சிரும். வாக்குத் தர்றேன்கா."

"நீங்க பட்டையிலயே சீவியம் நடத்துற ஆக்கள். உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

அன்று மாலைக்குள் வண்டி நிறைந்தது. ஒவ்வொரு கட்டையையும் நானே கத்தியால் சீவி, சாய்வு பார்த்து, வழுவழுப்பாக விட்டேன். அவ்வளவு அழகாக நான் கொயினாவைக்கூட வெட்டியதில்லை.

பதுளையில் நானாவுக்கு மிகுந்த சந்தோஷம். பட்டையை இடித்துத் தொட்டியில் போட்டதும் தண்ணீர் கருஞ்சிவப்பாகி, தோல் ஒரே சீராக நிறம் பிடித்தது. அந்த வாரில் விரல் ஓட்டிப் பார்த்து, "இது மனுசன் செஞ்சதில்ல, அந்த மரம் செஞ்சது" என்றார். மாசியில் மறுபடியும் போகச் சொன்னார்.

மழைக்காலம் முழுக்கத் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் வடியும் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பிலிருந்து கருவாட்டு வண்டிகள் வரும் நாளில் பதுளைக்கு நடந்து போய் வண்டிக்காரர்களிடம் விசாரிப்பேன். தையில் ஒருவன்தான் பார்த்ததாகச் சொன்னான்.

"நீங்க வெட்டின எடமா? கட்டையெல்லாம் கரி மாதிரிக் கெடக்கு. ஏன், அதையும் பிடுங்கப் போறீங்களா?"

மாசியில் வண்டி புறப்பட்டபோது முதல் ஆளாக ஏறிக்கொண்டேன்.

கட்டைகள் கறுத்திருந்தன. என் சாய்வு வெட்டுகளில் சிப்பி ஒட்டியிருந்தது. ஒன்றில்கூடத் துளிர் இல்லை. மரங்கள் நின்ற கரையை அலை கடித்துத் தின்றிருந்தது. கிணற்றுக்கும் களப்புக்கும் நடுவே இருந்த முப்பது அடி பன்னிரண்டு அடியாகியிருந்தது. குடிசையைப் பிரித்துப் பின்னால் கட்டியிருந்தார்கள். கிணறு அதே இடத்தில்.

அந்த அக்கா முழங்கால் சேற்றில் குனிந்து நின்றாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"வா மலைக்காரா. உன்ட துளிரப் பாக்க வந்தியா? பார், பார். அடர்த்தியாத்தான் வந்திருக்கு."

அவள் கரையேறி, கிணற்றில் மொண்டு, தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தாள். "ஒன்பது நாள் வழி வந்திருக்காய். குடி."

வாயில் வைத்ததும் உப்புக் கரித்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுக்கக் குடித்தேன். ஆறேழு குடும்பமும் இப்போது இரண்டு மைல் தள்ளிப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். அவளும்தான்.

சேற்றில் அவள் செய்துகொண்டிருந்த வேலை அந்தப் பச்சைக் கன்றுகளை ஊன்றுவது. எதிர்க்கரையில் நிற்கும் மரங்களிலிருந்து விழுந்து ஒதுங்கியவற்றைத் தோணியில் பொறுக்கி வந்து, கூர்முனை கீழே போக, மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்கும்வரை அழுத்தி, முழம் முழமாக இடம் விட்டு நட்டாள். நானும் இறங்கினேன். நான் நட்ட முதல் பத்துக் கன்றை அவள் பிடுங்கி, இன்னும் ஆழமாக நட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் கங்காணி எதிர்க்கரையைக் கைகாட்டினார். "அங்கதான் நல்ல மரமா நிக்குது. நாளைக்கு அதுல கை வைப்போம்."

"அண்ணே, அத வெட்டினா இதுக்குக் கன்னு கிடையாது."

"துளிர்க்கும்னு நீதானேடா சொன்ன?"

"சொன்னேன். வந்து பாருங்க."

அவரைச் சேற்றில் இறக்கிக் கட்டைகளிடம் கூட்டிப்போனேன். அவர் கத்தி எடுக்கவில்லை. கொயினாக் கட்டையைச் சோதிப்பதுபோலப் பெருவிரல் நகத்தை வெட்டுக்குக் கீழே அழுத்தினார். உயிருள்ள பட்டையென்றால் நகம் இறங்கி ஈரம் கசியும். நகம் இறங்கவில்லை. அடுத்த கட்டை, அதற்கடுத்தது. பத்துப் பன்னிரண்டு பார்த்தார். பிறகு அந்த அக்காவைப் பார்க்காமல், "செத்துப் போச்சு" என்றார்.

"நான் உசிரோட இருக்குன்னா சொன்னன்?" என்றாள் அவள்.

எதிர்க்கரையில் யாரும் கை வைக்கவில்லை. காற்றில் முறிந்த மரம், பக்கக் கிளை என்று உரித்து அரை வண்டியோடு திரும்பினார்கள். பதுளையில் நானா தாடியைத் தடவியபடி, "ரெண்டு வண்டி மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயி ஆட்டுக்குத் தீனி கொண்டு வந்திருக்கிறீங்களே" என்றாராம். அடுத்த வருஷம் அவர் ஆவாரம் பட்டைக்கு ஆள் அனுப்பினார் என்று கேள்வி. இதெல்லாம் கங்காணி பிறகு சொன்னது. நான் அந்த வண்டியில் ஏறவில்லை.

ஒன்றரை மாதம் அங்கே இருந்தேன். காலையில் நடுவோம், வெயில் ஏறினால் அவள் இறாலுக்குப் போவாள், நான் தண்ணீர் சுமக்கப் போவேன். இரண்டு மைல் நடந்து அவளுடைய குடத்தை நிரப்பி வந்தேன். காய்ச்சல் வந்தது, போனது. நட்டதில் பாதியை நண்டு தின்றது. கால்வாசியை அலை எடுத்தது. போன இடத்தில் மறுபடி நட்டோம்.

நாங்கள் வெட்டாவிட்டால் கண்ணா பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. களப்பின் வடக்கே தென்னந்தோட்டம் போட ஒருவர் மைல் கணக்கில் எரித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் காளவாய்க்கு வாரம் தவறாமல் தோணி தோணியாக விறகு போனது. எல்லோரும் நானா சொன்னதையே சொன்னார்கள்: யாரும் நடவில்லை, யாரும் காவல் இல்லை. அந்த ஒரு துண்டுக் கரையைப் பற்றி மட்டும்தான் எனக்குப் பேச யோக்கியதை உண்டு. அதை நட்டவளை எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் கழித்துப் பசறையில் ஒரு வண்டிக்காரனோடு சேர்ந்துகொண்டு மறுபடி போனேன். கன்றுகள் இடுப்புக்கு மேலே வந்திருந்தன. பெரிய இடைவெளிகளும் இருந்தன. சிலவற்றில் அடிமரத்திலிருந்து விரல் தடிப்பில் முதல் வேர் வளைந்து சேற்றைத் தொட்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி மாதிரி இறுகியிருந்தது. வேருக்குப் பின்னால் புதுச் சேறு கால் வைத்தால் தாங்கும் அளவுக்கு ஏறியிருந்தது. எங்கள் கறுத்த கட்டைகள் நடுவே அப்படியே நின்றன. அவள் அவற்றைப் பிடுங்கவில்லை. அலையை மறிக்க அதுவாவது உதவட்டும் என்று விட்டிருந்தாளாம்.

குடிசைக்குள்ளிருந்து அவள் சிரட்டையோடுதான் வந்தாள். கேட்காமலே கிணற்றில் மொண்டு நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன்.

"எப்படி?"

"உப்பு இருக்குக்கா. முன்ன மாதிரி இல்ல."

"சோறாக்கலாம். பருப்பு வேகாது" என்றாள். "மிச்சத்தையும் குடி. குடிச்சிட்டு இறங்கு. அந்தக் கோடியில இன்னும் நட இடம் கிடக்கு."