உமிக் குழியில் ஒரு தகரம் வெந்நீர்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது எல்லோருக்கும் பயம் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. விறகெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. பொறுக்கப் போனால், காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறாயா என்பார்கள். நானோ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன். பச்சை உடம்புக்குத் தினமும் வெந்நீர் ஊற்றியாக வேண்டும். இருந்த விறகு சோறு வடிக்கவே பத்தவில்லை.

என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை பார்த்தவர், நெருப்போடு பழகிய மனுஷன். "வெயிலு சும்மாதானே காயுது புள்ள" என்றார். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தேய்த்துக் கழுவி, வெளிப்புறம் கரி பூசி, தண்ணீர் நிரப்பிக் காலையிலேயே வெயிலில் வைத்தார். மத்தியானம் சோறு வடித்த அடுப்பின் மிச்சத் தணலில் தூக்கி வைத்தாலே அது கொதித்துவிடும். பிறகு கொல்லையில் வெட்டிய குழிக்குள் இறக்கி, சுற்றிலும் உமியைத் திணித்து, மேலே சாக்கு போட்டு மூடிவிடுவார். எனக்கு ஊற்றிவிடும் பக்கத்து வீட்டு அக்கா புல் வெட்டிவிட்டுச் சாயங்காலம் வரும்வரை சூடு அப்படியே இருக்கும்.

அந்த மத்தியானங்கள் எனக்குக் கனவு மாதிரிதான். பிள்ளை மார்மேல் தூங்கும். வெளியே ரப்பர் இலைகள் சலசலக்கும். மண்ணுக்கடியில் எனக்காக வெந்நீர் காத்துக் கிடக்கிறது என்று நினைத்தபடியே கண்ணயர்வேன். அவ்வளவு சுகமாக அதற்குப் பிறகு நான் தூங்கியதில்லை.

ஒரு நாள் கூச்சல் கேட்டு விழித்தேன். சோதனைக்கு வந்த மாத்தா மாத்தா போலீஸ்காரர்கள் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். புதைத்த தகரம் என்றால் காட்டுக்குப் போகும் அரிசிதான் என்பது அவர்கள் கணக்கு.

"அப்பா இனி?" என்று ஒருவன் மலாயில் அதட்டினான், இது என்னவென்று.

"ஆயர் பானாஸ் துவான், வெந்நீரு லா" என்று இவர் கும்பிட்டார். யாரும் நம்பவில்லை. உள்ளே குண்டு இருந்தாலும் இருக்கும் என்று தகரத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, வெள்ளைக்கார அதிகாரி வரட்டும் என்றார்கள். சந்தேகத்தில் இப்படிப் பிடிபட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. பிள்ளையை அணைத்தபடி வாசற்படியில் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. இவர் கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதில் நனைந்தார். தகரமும் நனைந்தது.

அதிகாரி பொழுது சாயத்தான் வந்தார். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இவரை விடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சோதனையில் வேலிக் கேட்டை மூடியிருந்ததால் வேலைக்குப் போன அக்காவால் உள்ளே வர முடியவில்லை. ஆம்பிளை ஊற்றும் வழக்கம் எங்களில் கிடையாது. ஆனாலும் அன்று அவரே ஊற்றினார்.

"சூடு இருக்கா புள்ள?"

தண்ணீர் ஜில்லென்று முதுகில் இறங்கியது.

"இருக்குங்க" என்றேன். "இன்னும் ஊத்துங்க."